என்பிஏவில் ஒரு நிமிடம்கூட ஆடாத ஜே.ஆர். ஹோல்டன் எப்படிப் பெரிய ஆட்டக்காரர் ஆனார்?

கேள்வி இதுதான்: "ஐரோப்பியக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் ஜே.ஆர். ஹோல்டன் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். ஆனால் அவர் அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியலிலும் மேலே இல்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு பேச்சு? அங்கே இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம்தானே ஐரோப்பா?"

கடைசி வரியில் பாதி உண்மை இருக்கிறது. என்பிஏவில் இடம் கிடைக்காததால்தான் பெரும்பாலான அமெரிக்க கார்டுகள் (பந்தை எடுத்துச் செல்லும் வெளிவரிசை ஆட்டக்காரர்கள்) விமானம் ஏறுகிறார்கள். ஹோல்டனும் அப்படித்தான் போனார். ஆனால் அங்கே போய்ச் சேர்வது ஒன்று, அங்கே நிலைத்து நிற்பது வேறு. வருடா வருடம் நூற்றுக்கணக்கான அமெரிக்கர்கள் ஐரோப்பா போகிறார்கள். அவர்களில் பலருடைய பெயர் ஒரு சீசனுக்குமேல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஹோல்டன் பதின்மூன்று ஆண்டுகள் அங்கே ஆடினார். அதில் ஒன்பது ஆண்டுகள் ஒரே கிளப்பில். இந்த ஒன்பது என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

பிட்ஸ்பர்க்கில் 1976-இல் பிறந்தவர். உயரம் சுமார் 185 செ.மீ., அதாவது ஆறடி ஒன்று. கூடைப்பந்தில் இது குள்ளம் என்றே கணக்கு. பக்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தார். படிப்புக்குப் பெயர் போன இடம், கூடைப்பந்துக்கு அல்ல. அவர் இருந்த நான்கு வருடங்களில் பக்னெல் அணி ஒருமுறைகூட தேசியக் கல்லூரிப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. நாடு முழுக்க டிவியில் பார்க்கும் மார்ச் மாதப் போட்டி அது. அதில் முகம் காட்டாத சின்னக் கல்லூரி கார்டை 1998 டிராஃப்டில், அதாவது என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யார் எடுப்பார்கள்? யாரும் எடுக்கவில்லை.

முதல் வேலை லாட்வியாவில். அடுத்து பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் என்ற கடலோர ஊரில் இரண்டு சீசன். அதன்பின் ஏதென்ஸ். பிறகுதான் மாஸ்கோ. இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க கார்டின் ஐரோப்பிய வாழ்க்கை என்பது ஏணிதான்: சின்ன லீக், கொஞ்சம் பெரிய லீக், ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீக்கில் ஆடும் ஒரு கிளப், கடைசியில் கோப்பை வெல்லக்கூடிய கிளப். ஒவ்வொரு படியிலும் கான்ட்ராக்ட் பெரும்பாலும் ஒரு வருடம்தான். வெளிநாட்டு ஆட்டக்காரனை அழைத்து வருவதே அவன் மற்றவர்களைவிட நன்றாக ஆடுவான் என்பதற்காகத்தான். அணி நாலு ஆட்டம் தோற்றால் முதலில் பெட்டியைக் கட்டச் சொல்வதும் அவனைத்தான். வீடும் காரும் கிளப் தரும், வரி போக இவ்வளவு என்று சம்பளம் பேசுவார்கள். பேசிய பணம் நாளுக்கு வருமா என்பது வேறு கதை. சம்பள பாக்கித் தகராறுகளைத் தீர்க்கவென்றே சர்வதேச சம்மேளனமான ஃபிபா 2007-இல் ஜெனீவாவில் தனியாக ஒரு நடுவர் மன்றம் அமைக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, ஏதென்ஸுக்கு வருவோம். 2001-02 சீசனில் ஹோல்டன் ஏஇகே கிளப்புக்கு ஆடினார். கிரேக்க லீக் இறுதியில் எதிரணி ஒலிம்பியாகோஸ். ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டையும் ஏஇகே தோற்றது. அதற்குமேல் ஒரே ஒரு ஆட்டம் தோற்றாலும் முடிந்தது. அடுத்த மூன்றையும் வென்று பட்டத்தை எடுத்தார்கள். அந்த சீசன் ஒலிம்பியாகோஸில் இருந்த இரண்டு கார்டுகளைக் கவனியுங்கள்.

ஒருவர் அல்ஃபோன்சோ ஃபோர்ட். மிசிசிப்பிக்காரர். யூரோலீக்கில் அடுத்தடுத்து இரண்டு சீசன் அதிகப் புள்ளி எடுத்தவர். பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் ஒதுங்கி நின்றாலே போதும் என்கிற வகை. அப்போதே அவருக்கு ரத்தப் புற்றுநோய் இருந்தது. வெளியே சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். 2004 ஆகஸ்டில்தான் இனி ஆட முடியாது என்று ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பரில் இறந்துபோனார். யூரோலீக்கில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு இன்றும் அவர் பெயரில்தான் விருது கொடுக்கிறார்கள். ஃபோர்ட் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே இவ்வளவு போதும்.

மற்றவர் தியோ பாபலூகாஸ், கிரேக்கர். உயரமான பாயின்ட் கார்டு, அதாவது அணியின் ஆட்டத்தை வழிநடத்தும் கார்டு. தொலைவிலிருந்து ஷாட் அவ்வளவாக வராது, ஆனால் கோர்ட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது முதுகுக்குப் பின்னாலும் தெரியும். இறுதித் தொடரில் எதிரெதிரே இருந்த ஹோல்டனையும் பாபலூகாஸையும் அதே கோடையில் ஒரே கிளப் ஒன்றாக எடுத்துக்கொண்டது: சிஎஸ்கேஏ மாஸ்கோ. (இந்தப் பெயரைக் கேட்டதும் மஞ்சள் சட்டை கண்முன் வந்தால் அது உங்கள் தவறில்லை. இது ராணுவத்தின் மத்திய விளையாட்டுக் கழகம் என்பதன் ரஷ்யச் சுருக்கம்.) பயிற்சியாளராக வந்தவர் செர்பியாவின் துஷான் இவ்கோவிச்.

ஹோல்டனின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரே அணியில் இரண்டு பாயின்ட் கார்டுகள், இருவருக்கும் பந்து கையில் இருந்தால்தான் வேலை. சாதாரணமாக இது சண்டையில்தான் முடியும். இங்கே என்ன நடந்தது என்றால், ஹோல்டன் ஆட்டத்தைத் தொடங்குவார், பாபலூகாஸ் பெஞ்சிலிருந்து வருவார். வந்ததும் பந்து பாபலூகாஸ் கைக்குப் போகும். ஹோல்டன் ஓரத்துக்கு நகர்ந்து ஷாட்டுக்குத் தயாராக நிற்பார், எதிரணியின் சிறந்த கார்டைத் தடுப்பார். விரைவாக ஓடுபவர், யாரையும் தாண்டிப் போய்க் கூடை போடக்கூடியவர்தான். ஆனால் நினைத்தபோதெல்லாம் அதைச் செய்யவில்லை. அமெரிக்காவிலிருந்து கார்டாக வருபவன் பழகிக்கொள்ள மிகவும் கஷ்டப்படுவது இதைத்தான். புள்ளிதான் அவனுடைய சம்பளம் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஆட்ட விதிகளும் அதற்கு ஒத்துழைப்பதில்லை. ஐரோப்பாவில் ஆட்டம் நாற்பது நிமிடம், என்பிஏவில் நாற்பத்தெட்டு. என்பிஏவில் தடுப்பவர் யாரையும் பிடிக்காமல் கூடைக்கு அடியில் மூன்று விநாடிக்குமேல் நிற்கக் கூடாது; ஃபிபா விதியில் அந்தத் தடை இல்லை. அதனால் பெரிய ஆள் கூடைக்கு அடியிலேயே காத்திருப்பார். ஓர் ஆளைத் தாண்டி உள்ளே புகுந்தால் அங்கே இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். தனியாளாக வெட்டிக்கொண்டு போகும் கார்டுக்கு இடமே இருக்காது. பாஸ் போட்டுத்தான் இடத்தை உண்டாக்க வேண்டும். பயிற்சியாளர் சொல்வதுதான் சட்டம். பெயர் பெற்றவரையும் பாதி ஆட்டத்தில் உட்கார வைப்பார்கள். சீசனில் ஆட்டங்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு தோல்வியும் பெரிதாகத் தெரியும். எண்பத்திரண்டு ஆட்டம் ஆடும் என்பிஏ அணி ஒரு செவ்வாய்க்கிழமைத் தோல்வியை மறந்துவிடலாம். இங்கே முடியாது.

அந்த அணியின் ஓட்டத்தைச் சொல்லாமல் ஹோல்டனைச் சொல்ல முடியாது. 2003 முதல் 2010 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் சிஎஸ்கேஏ யூரோலீக்கின் ஃபைனல் ஃபோருக்குப் போனது. கடைசி நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடி இரண்டே நாள் ஆட்டத்தில் முடிவு செய்யும் ஏற்பாடு அது. தொடர் எல்லாம் கிடையாது, அரையிறுதி ஒன்று, இறுதி ஒன்று. வருடம் முழுக்க நன்றாக ஆடிவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை கை வராவிட்டால் போச்சு.

முதல் மூன்று முறை நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 2003-இல் ஃபைனல் ஃபோர் பார்சலோனாவில். சிஎஸ்கேஏ அரையிறுதியில் தோற்றது பார்சலோனாவிடம். 2004-இல் டெல் அவிவில். தோற்றது டெல் அவிவின் மக்காபியிடம். உள்ளூர் கூட்டத்துக்கு முன்னால் ஆடுவதால்தான் இப்படி என்று ஆறுதல் சொல்லலாம். 2005-இல் போட்டியை மாஸ்கோவுக்கே கொண்டு வந்தார்கள். அந்த சீசனில் சிஎஸ்கேஏவை வீழ்த்துவதே அபூர்வமாக இருந்தது. சொந்த ஊர், சொந்தக் கூட்டம். அரையிறுதியில் ஸ்பெயினின் டாவ் செராமிகாவிடம் தோற்றார்கள்! இவ்கோவிச் போய்விட்டார்.

அவருக்குப் பதில் இத்தாலியின் எட்டோரே மெசினா வந்தார். கூடவே வந்த இன்னொரு அமெரிக்க கார்டு ட்ரேஜன் லாங்டன். இவருடைய பின்னணி ஹோல்டனுடையதற்கு நேர்மாறு: அலாஸ்காவில் வளர்ந்தவர், புகழ்பெற்ற டியூக் பல்கலைக்கழகம், 1999 டிராஃப்டில் பதினோராவது இடம், கிளீவ்லாந்தில் மூன்று வருட என்பிஏ. அங்கே சரிப்படாமல் இத்தாலி, துருக்கி, ரஷ்யா என்று வந்தவர். மேலே இருந்து கீழே வந்தவரும் கீழே இருந்து மேலே வந்தவரும் மாஸ்கோவில் சந்தித்தார்கள். டிராஃப்ட் வரிசைக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை.

2006-இல் பிராகாவில் காத்திருப்பு முடிந்தது. இறுதியில் எதிரணி மக்காபி, அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கோப்பை வென்ற அணி. 73-69. சிஎஸ்கேஏ கடைசியாக ஐரோப்பியக் கோப்பை வென்றது 1971-இல், சோவியத் காலத்தில். முப்பத்தைந்து வருட இடைவெளி. அடுத்த வருடம் ஏதென்ஸில் இறுதி, எதிரணி யார் என்று சொல்ல வேண்டியதே இல்லை: ஏதென்ஸின் பானதினைக்கோஸ். 93-91 என்று தோற்றார்கள். 2008-இல் மாட்ரிட்டில் மறுபடி மக்காபி, இந்தமுறை 91-77. ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரர் லாங்டன். 2009-இல் பெர்லினில் மறுபடி பானதினைக்கோஸ், முதல் பாதியில் இருபது புள்ளி பின்தங்கி, பிறகு துரத்தி வந்து, 73-71 என்று தோல்வி. நான்கு வருடத்தில் நான்கு இறுதி, இரண்டு கோப்பை. கைநழுவிய இரண்டும் தலா இரண்டு புள்ளியில். ரஷ்ய லீக்கைப் பொறுத்தவரை கதை எளிது: ஹோல்டன் இருந்த ஒன்பது சீசனிலும் பட்டம் சிஎஸ்கேஏவுக்குத்தான்.

இவ்வளவும் கிளப் கதை. ஹோல்டன் பெயரைக் கூடைப்பந்து தெரியாத ரஷ்யருக்கும் தெரியவைத்தது வேறு விஷயம்: பாஸ்போர்ட்.

2003-இல் ரஷ்ய அதிபரின் ஆணையால் அவருக்குக் குடியுரிமை கொடுக்கப்பட்டது. ரஷ்யாவோடு ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. பிட்ஸ்பர்க்கில் வளர்ந்த கறுப்பின அமெரிக்கர். ஏன் கொடுத்தார்கள்? இரண்டு லாபம். ஐரோப்பிய லீக்குகளில் ஓர் அணி இத்தனை வெளிநாட்டவரைத்தான் இறக்கலாம் என்று வரம்பு உண்டு. ஹோல்டன் ரஷ்யர் ஆகிவிட்டால் அந்த வரம்பில் ஓர் இடம் காலியாகும், இன்னொரு அமெரிக்கரை எடுக்கலாம். இரண்டாவது, தேசிய அணி. பதினாறு வயதுக்குப் பின் குடியுரிமை வாங்கியவர்களில் ஒருவரை மட்டும் ஒரு நாட்டு அணி சேர்த்துக்கொள்ள ஃபிபா அனுமதிக்கிறது. அந்த ஒருவர் என்பது பெரும்பாலும் அமெரிக்க கார்டாகத்தான் இருக்கும். காரணம், உயரமானவர்கள் எல்லா நாட்டிலும் கிடைக்கிறார்கள். நெருக்கடியில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தனக்கொரு ஷாட்டை உண்டாக்கிக்கொள்பவன் கிடைப்பதுதான் அரிது.

இப்போது 2007 செப்டம்பர் 16, மாட்ரிட். ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான யூரோபாஸ்கெட் இறுதி. ஸ்பெயின் முந்தைய ஆண்டு உலகச் சாம்பியன், ஆடுவது சொந்த மண்ணில், அணியில் பாவ் காசோல், கால்டெரோன், நவாரோ. எதிரே ரஷ்யா. நட்சத்திரம் ஆந்த்ரேய் கிரிலென்கோ. பயிற்சியாளர் டேவிட் பிளாட், அவரும் மாசசூசெட்ஸில் வளர்ந்த அமெரிக்கர்தான். புள்ளி மிகக் குறைவாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம். கடைசி நொடிகளில் ஸ்பெயின் 59, ரஷ்யா 58. பந்து ஹோல்டன் கையில். நெருக்கமாகத் தடுத்துக்கொண்டு ஒருவர் நிற்க, எம்பி ஷாட் எடுக்கிறார். பந்து வளையத்தில் பட்டு எழும்பி, யோசித்துவிட்டு, உள்ளே விழுகிறது. மீதி 2.1 நொடி. காசோலின் கடைசி முயற்சி வெளியே போகிறது. 60-59. சோவியத் யூனியன் உடைந்தபின் ரஷ்யா என்ற பெயரில் அந்த நாடு வென்ற முதல் யூரோபாஸ்கெட் பட்டம். அந்த வெற்றியால் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கும் நேரடித் தகுதி கிடைத்தது.

வாங்கிய ஆளை வைத்து வென்ற பட்டம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நானும் யோசித்திருக்கிறேன். ஆனால் அந்த ஷாட்டை எடுக்கும்போது ஹோல்டன் மாஸ்கோவில் ஐந்து வருடம் வாழ்ந்து முடித்திருந்தார், அங்கேயே இன்னும் நான்கு வருடம் ஆடவிருந்தார். பெயருக்கு மட்டும் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு கோடையில் வந்து போகிறவர்களோடு அவரைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லப்போனால், அன்று தோற்ற ஸ்பெயினே 2022-இல் லோரென்சோ பிரவுன் என்ற அமெரிக்க கார்டுக்கு ஜூலையில் குடியுரிமை கொடுத்து, செப்டம்பரில் யூரோபாஸ்கெட் வென்றது. அவர் அதுவரை எந்த ஸ்பானிஷ் கிளப்புக்கும் ஆடியதே இல்லை. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த போ மெக்காலெப் 2011-இல் மாசிடோனியா போன்ற குட்டி நாட்டை நான்காம் இடம் வரை கொண்டு போனார், வழியில் போட்டியை நடத்திய லிதுவேனியாவையே வெளியேற்றி. ஆக, வழி திறந்துவிட்டது. ஹோல்டன் அந்த வழியில் முதலில் போனவர் அல்ல, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும்படி போனவர்.

பெய்ஜிங் 2008-இல் ரஷ்ய ஆண்கள் அணி ஈரானை மட்டும் வென்றுவிட்டு முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதே ஒலிம்பிக்ஸில் ரஷ்யப் பெண்கள் அணிக்கு ஆடிய பெக்கி ஹேமனும் அமெரிக்கர், அவரும் கார்டு, அவரும் மாஸ்கோ சிஎஸ்கேஏவில் ஆடியவர். அவருக்கு வெண்கலம் கிடைத்தது. ஆனால் தேசப்பற்று இல்லாதவர் என்று அமெரிக்கப் பயிற்சியாளரே பேசும் அளவுக்கு வசவும் கிடைத்தது. ஹோல்டன் விஷயத்தில் அமெரிக்காவில் அவ்வளவு சத்தம் எழவில்லை. அவர் யார் என்றே அங்கே நிறையப் பேருக்குத் தெரியாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் என்பிஏவுக்கு முயன்றிருக்கலாமே என்பீர்கள். சிலர் திரும்பிப் போயிருக்கிறார்கள். மக்காபியின் ஆண்டனி பார்க்கர் 2005, 2006 இரண்டு வருடமும் யூரோலீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். உடனே டொராண்டோவில் இடம் கிடைத்துப் பல வருடம் ஆடினார். ஆனால் பார்க்கர் ஆறடி ஆறு அங்குலம். ஆறடி ஒன்று உள்ள, முப்பதை நெருங்கும் கார்டுக்குக் கிடைத்திருக்கக்கூடியது பெஞ்சின் கடைசி நாற்காலிதான் என்று நினைக்கிறேன். மாஸ்கோவில் அவர் ஐரோப்பாவின் சிறந்த அணிக்கு ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஆள். எந்த நாற்காலியை நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள்?

புள்ளிக்கணக்கைத்தான் பார்ப்பேன் என்றால் உங்களுக்கு ஏற்றவர் மைக் ஜேம்ஸ். போர்ட்லாண்டில் பிறந்தவர், இவரையும் 2012 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. இத்தாலியின் இரண்டாம் டிவிஷன் வரை இறங்கி ஆடி, பாஸ்கோனியா, பானதினைக்கோஸ், மிலான், சிஎஸ்கேஏ, மொனாக்கோ என்று ஏறி, 2024-இல் யூரோலீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் ஆனார். நடுவில் என்பிஏவையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பந்து அவர் கையில் இருக்கும்போது கண்ணை எடுக்க முடியாது. யூரோலீக் கோப்பை மட்டும் அந்த உச்சியைத் தொட்ட நாள்வரை அவர் கைக்கு வரவில்லை. இதை வைத்து அவர் ஹோல்டனைவிடக் குறைந்தவர் என்று சொல்ல மாட்டேன். ஆட்டத் திறமை மட்டும் என்றால் ஜேம்ஸ்தான் மேல். ஆனால் மெசினா காலத்து சிஎஸ்கேஏவில், பாபலூகாஸ் வந்ததும் பந்தைக் கொடுத்துவிட்டு ஓரத்தில் போய் நிற்க அவரால் முடிந்திருக்குமா என்று கேட்டால் தலையைச் சொறிவேன்.

2010-11 சீசன் சிஎஸ்கேஏவுக்கு மோசம். யூரோலீக்கில் கடைசி பதினாறு அணிகளுக்குள்கூட வர முடியவில்லை. எட்டு வருட ஃபைனல் ஃபோர் வரிசை அறுந்தது. ரஷ்யப் பட்டத்தை மட்டும் வென்றுவிட்டு, அந்தக் கோடையில் ஹோல்டன், லாங்டன் இருவரும் ஓய்வு பெற்றார்கள். லாங்டன் பிறகு நியூ ஆர்லியன்ஸ் அணியின் பொது மேலாளராகி, 2024-இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவர் ஆனார். ஹோல்டனும் என்பிஏ பக்கம் போனார், ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் வேலைக்கு.

பழைய வீடியோ தேடப் போகிறீர்கள் என்றால், மாட்ரிட் ஷாட்டை எல்லோரும் பார்த்தாயிற்று. 2006 பிராகா இறுதியை முழுதாகப் பாருங்கள். பந்தின் பின்னால் ஓடாமல், பாபலூகாஸ் கையில் பந்து இருக்கும் நேரங்களில் ஹோல்டன் மேல் மட்டும் கண் வையுங்கள்.